ஒரு முழம் கம்பளி, பத்து கிராம் கம்பி

வாசகர் கேள்வி – பதில்

தூண்டில் முள்ளின் மேல் நூல், இறகு, கம்பளி, கம்பி இவற்றைச் சுற்றிப் பூச்சி போலவோ சிறுமீன் போலவோ செய்கிற இரைக்கு ஃப்ளை என்று பெயர். அதைத் தங்கள் கையாலேயே கட்ட விரும்பும் வாசகர்கள் இம்முறை செலவைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். பதில்களும் சிக்கனத்தை ஒட்டியே அமைகின்றன.

கையில் 1,500 ரூபாய்தான் இருக்கிறது. தொடக்கக்காரர்களுக்கான பெட்டி என்று விற்பதெல்லாம் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. பெட்டி இல்லாமல் தொடங்க முடியுமா?
– கல்லூரி மாணவர், கோத்தகிரி

தாராளமாக முடியும். எந்த ஃப்ளையைக் கட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த ஒன்றுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். இருபது ஃப்ளைக்கான சாமானை வாங்கிக் குவித்துவிட்டு ஒன்றைக்கூட ஒழுங்காகக் கட்டாமல் விட்டவர்கள்தான் அதிகம்.

பணத்தில் பெரிய பங்கு முள்ளுக்குப் போகட்டும். மற்ற எதற்கும் மாற்று உண்டு, முள்ளுக்கு மட்டும் இல்லை. மட்டமான முள் மீனின் இழுப்புக்கே நிமிர்ந்துவிடும். வாங்கியதும் ஒரு முள்ளின் முனையை மரக்கட்டையில் குத்தி, அதன் காதை, அதாவது தூண்டில் நரம்பு கோக்கும் வளையத்தை, பிடித்து இழுத்துப் பாருங்கள். நல்ல முள் கொஞ்சம் வளைந்து பழைய நிலைக்கு வரும். மட்டமானது வளைந்தபடியே நிற்கும், அல்லது படக்கென்று ஒடியும். எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்: 14ஐவிட 10 பெரியது. தொடங்குபவர் 10ஆம் எண்ணில் தொடங்கட்டும். 16, 18 எல்லாம் கை பழகிய பிறகு. 10ஆம் எண்ணில் 50 முள் இருந்தால் மூன்று மாதம் ஓடும்.

அடுத்தது வைஸ், அதாவது முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவி. இதற்கென்றே செய்த வைஸ் மலிவானதே உங்கள் மொத்தப் பணத்தையும் விழுங்கிவிடும். நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் சிறிய கைவைஸ் போதும். அதன் கைப்பிடியை மேசை விளிம்பில் ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் வேலை நடக்கும். பூட்டிக்கொள்ளும் கிரிப் பிளையரை மரக்கட்டையில் துளையிட்டுச் செருகியும் பயன்படுத்தலாம். எதுவானாலும் தாடைகள் முள்ளின் வளைவை மட்டுமே கவ்வ வேண்டும். கூர்முனையைக் கவ்வினால் முனை மழுங்கும், சில சமயம் கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விழுந்து பிறகு ஒடியும்.

எம்பிராய்டரி வேலைக்கான சிறிய கூர்க் கத்தரி ஒன்று வாங்குங்கள். அதில் கம்பியை வெட்டவே கூடாது. கம்பிக்கு வீட்டிலிருக்கும் பழைய கத்தரி போதும். இறகின் நுனியைப் பிடித்துச் சுற்ற, மருத்துவக் கருவிக் கடையில் ‘ஆர்ட்டரி’ என்று கேட்டால் தரும் சிறிய கிடுக்கியே வசதியானது. பல் தாடை இறகை வெட்டினால் சைக்கிள் வால்வு டியூபில் சிறு துண்டு நறுக்கித் தாடையில் மாட்டிக்கொள்ளுங்கள். தையல் ஊசியின் காதுப் பக்கத்தைத் தீர்ந்த பேனா ரீஃபிளுக்குள் செருகினால் பசை வைக்கவும் இழைகளைப் பிரித்துவிடவும் ஊசி தயார். காலிப் பேனாவின் கூம்பு முனை, கடைசி முடிச்சை நழுவவிட்டு இறுக்க உதவும்.

முதலில் எதைக் கட்டுவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.
– வாசகி, குன்னூர்

கில்லர் பக். இங்கிலாந்தில் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. கிரேலிங் மீனுக்காக அவர் கட்டினார், டிரவுட்டும் விரும்பி எடுக்கும். முள், செம்புக் கம்பி, கம்பளி நூல் ஆகிய மூன்றே பொருள்கள். கட்டும் நூல்கூட வேண்டாம், கம்பியே நூலின் வேலையையும் பார்க்கிறது. சாயர் பயன்படுத்திய சாட்விக்ஸ் 477 என்ற ரஃபூ நூலைப் பிற்பாடு தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த அட்டைகளுக்கு மீன்பிடிப்பவர்கள் கொள்ளை விலை கொடுத்தார்கள். நீங்கள் அதைத் தேட வேண்டாம். இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட சாம்பல் அல்லது மணல் நிறக் கம்பளி எதுவும் சரிதான்.

ஆனால் அது உண்மையான கம்பளியாக இருக்க வேண்டும். நம் கடைகளில் ‘உல்லன்’ என்று கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகிய வாடையோடு சுருண்டு, விரலில் தேய்த்தால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கறுத்துக் கெட்டியான மணியாகும். கம்பளி தண்ணீரை உறிஞ்சி நிறம் மாறி, சதை போலத் தெரியும். இந்த ஃப்ளையின் உயிரே அதில்தான் இருக்கிறது. அக்ரிலிக்கில் அந்த மாற்றம் வராது. ஊட்டி, குன்னூர்ப் பக்கம் பழைய கம்பளி ஸ்வெட்டரின் கைப்பகுதியைப் பிரித்தாலே ஆயுள் முழுக்க வரும்.

கம்பிக்கு, மோட்டார் காயில் கட்டும் கடையில் 36 கேஜ் எனாமல் செம்புக் கம்பி கேளுங்கள். தடிமன் 0.19 மில்லிமீட்டர். 10 கிராம் வாங்கினால் ஏறக்குறைய 38 மீட்டர் இருக்கும். அறுபது ஃப்ளைக்கு மேல் கட்டலாம். கடைக்காரர்கள் மிச்சத் துண்டுகளைச் சும்மாவே கொடுப்பதுண்டு.

முதலில் முள்ளின் செதிளை, அதாவது கூர்முனைக்கு உள்பக்கம் எதிர்த்து நிற்கும் சிறு முள்ளை, பிளையரால் நசுக்கிவிடுங்கள். கட்டி முடித்த பிறகு நசுக்கி முள் ஒடிந்தால் உழைப்பும் சேர்ந்து போகும். முள்ளை வைஸில் மாட்டி, தண்டு, அதாவது காதுக்கும் வளைவுக்கும் நடுவிலுள்ள நேரான பகுதி, தரைக்கு இணையாக இருக்கிறதா பாருங்கள்.

ஒன்றேகால் முழம் கம்பி நறுக்கிக்கொள்ளுங்கள். காதுக்குப் பின்னால் 2 மில்லிமீட்டர் இடம் விட்டு, கம்பியின் மேலேயே கம்பியை நான்கைந்து சுற்றுப் போட்டுப் பிடிக்க வையுங்கள். அங்கிருந்து வளைவு தொடங்கும் இடம் வரை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நெருக்கமாகச் சுற்றி, திரும்பவும் காது பக்கம் வாருங்கள். இந்த இரண்டு அடுக்குத்தான் ஃப்ளையை மூழ்க வைக்கும் எடை.

ஒரு முழம் கம்பளியை முறுக்குப் பிரித்து ஒரு புரி மட்டும் எடுங்கள். நான்கு புரியையும் சேர்த்துச் சுற்றினால் ஃப்ளை குண்டுக் கத்திரிக்காய் போல வரும். கம்பளியின் நுனியைக் காதுக்குப் பின் வைத்துக் கம்பியால் மூன்று சுற்று. பிறகு கம்பியை இடைவெளி விட்டு வளைவு வரை சுற்றிக் கொண்டுபோய் அங்கே தொங்க விடுங்கள். இப்போது கம்பளியை வளைவு வரை சுற்றி, காது வரை திரும்பி, மறுபடி வளைவு வரை சுற்றுங்கள். மூன்று அடுக்கு. முன்னும் பின்னும் ஒல்லியாக, நடுவில் சற்றே பருத்து, சுருட்டு போல உருவம் வர வேண்டும். நடுப்பகுதியில் சுற்றை நெருக்கினால் அது தானே வரும். வளைவில் கம்பளியின் மேல் கம்பியை நான்கு சுற்று இறுக்கிச் சுற்றி, இரண்டு அரை முடிச்சுப் போடுங்கள். மிச்சக் கம்பளியை வெட்டுங்கள். மிச்சக் கம்பியை வெட்டாமல் இப்படியும் அப்படியும் ஆட்டினால் முடிச்சின் வாயிலேயே ஒடியும். வெட்டினால் நீட்டிக்கொண்டிருக்கும் முனை விரலைக் கிழிக்கும்.

பின்னால் கம்பளி அவிழ்ந்தால் கடைசி நான்கு சுற்றில் இறுக்கம் போதவில்லை. காது பக்கம் கம்பி வெளியே தெரிந்தால் இரண்டாம் அடுக்கைச் சீக்கிரமே திருப்பிவிட்டீர்கள். தொடர்ந்து ஒரு டஜன் இதையே கட்டுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். ஏழாவது எட்டாவதில் கைக்குக் கணக்குப் பிடிபடும்.

இன்னொன்று. நீலகிரி ஓடைகளில் ரெயின்போ டிரவுட் இயல்பாக இருந்ததல்ல. 1900களின் தொடக்கத்தில் எச்.சி.வில்சனின் முயற்சியால் விடப்பட்டு, அவலாஞ்சி குஞ்சுப் பொரிப்பகத்தின் வழியாகப் பெருகியது. இந்த நீர்நிலைகள் பெரும்பாலும் காட்டுக்குள் இருக்கின்றன. மீன்வளத்துறையிடமும் வனத்துறையிடமும் அனுமதி விசாரிக்காமல் தூண்டிலோடு போக வேண்டாம்.

தையல் கடை வைத்திருக்கிறேன். நூலுக்குக் குறைவில்லை. ஆனால் கட்டும்போது அடிக்கடி அறுகிறது, இல்லையென்றால் தலைப்பகுதி பெரிய மூட்டையாகிவிடுகிறது. எந்த நூல் சரி?
– வாசகர், திருப்பூர்

உங்கள் கடையிலேயே சரியான நூல் இருக்கிறது. சாதாரணத் தையல் நூல் சிறுசிறு இழைகளை முறுக்கிச் செய்தது. மேலே பஞ்சு பஞ்சாக இருக்கும், முள்ளில் தட்டையாகப் படியாது. ஐந்தே சுற்றில் மூட்டை வரக் காரணம் அதுதான். எம்பிராய்டரி மெஷினுக்கு வரும் பாலியஸ்டர் ஃபிலமென்ட் நூலை எடுங்கள், பளபளவென்று இருக்குமே, அது. பார்ப்பதற்கு அப்படியே இருக்கும் ரேயான் நூல் வேண்டாம். ரேயான் நனைந்தால் பலம் குறையும், ஃப்ளையோ தண்ணீரிலேயே கிடப்பது. கொளுத்தினால் ரேயான் காகிதம் போல எரியும், பாலியஸ்டர் உருகும்.

ஃபிலமென்ட் நூலிலும், சுற்றச் சுற்ற முறுக்கு ஏறிக் கயிறு போல உருண்டுவிடும். வலக்கைக்காரர் என்றால், நூலுருளையைத் தாங்கித் தொங்கும் பாபின் ஹோல்டரை மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றிவிடுங்கள். நூல் பிரிந்து நாடா போலத் தட்டையாகும்.

அறுவதற்கு மூன்று காரணங்கள். முதலாவது பாபின் ஹோல்டரின் குழாய் வாய். மலிவான ஹோல்டர்களில் அந்த விளிம்பு கூராக இருக்கும். ஒரு பஞ்சுத் துண்டை உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். இழை மாட்டினால் அங்கேதான் கோளாறு. மிக நைசான எமரித் தாளைக் கூம்பாகச் சுருட்டி வாயில் வைத்து இருபது முப்பது தடவை திருப்பினால் சரியாகும். இரண்டாவது, நூல் முள்முனையில் உரசுவது. ஒரே ஒரு உரசலில் பாதி இழைகள் போய்விடும், அடுத்த இழுப்பில் அறும். வளைவின் அருகே சுற்றும்போது கையின் வட்டத்தைச் சுருக்குங்கள். மூன்றாவது, எவ்வளவு இழுத்தால் அறும் என்பது கைக்குத் தெரியாமலிருப்பது. வெறும் முள்ளில் நூலைச் சுற்றி, அறும் வரை வேண்டுமென்றே இழுங்கள். பத்து தடவை அறுத்துப் பார்த்தால் எல்லை தெரிந்துவிடும். அதற்குச் சற்றுக் கீழே நின்று கட்ட வேண்டும்.

தலை மூட்டையாவதற்கு நூல் பாதிக் காரணம்தான். இடம் விடாமல் கட்டுவதுதான் மீதி. உடலும் இறகும் காது வரை வந்துவிட்டால் தலைக்கு இடமில்லை. எல்லாவற்றையும் திணித்து, கடைசியில் காதின் துளையும் அடைபட்டு, நரம்பு கோக்க முடியாமல் போகும். காதின் நீளம் அளவுக்குக் காதுக்குப் பின்னால் இடம் விட்டு, அந்த இடத்தில் முதலிலேயே ஒரு சுற்று நூலைப் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்று வரை அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

முடித்த பிறகு பூச, நிறமில்லாத நெயில் பாலிஷ் போதும். திக்காக ஒரு தடவை பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு தடவை நல்லது. காதுக்குள் புகுந்துவிட்டால் ஈரம் காய்வதற்குள் ஓர் இறகைக் காதின் வழியே உருவி எடுங்கள். ஃபெவிக்விக்கைப் பாட்டிலிலிருந்து நேரே சொட்டாதீர்கள். ஊசி நுனியில் துளி எடுத்து நூலில் தடவி, ஈரத்தோடு கடைசி மூன்று சுற்றைப் போட்டால் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் ஊரில் கோழிக்குப் பஞ்சமில்லை. அந்த இறகுகள் உதவுமா?
– வாசகர், நாமக்கல்

உதவும், ஆனால் எந்தக் கோழி, எந்த இடத்து இறகு என்பது முக்கியம். பிராய்லர் சில வாரங்களிலேயே வெட்டப்படுவதால் இறகு முற்றியிருக்காது, தண்டு உடையும். முட்டைக் கோழியின் வெள்ளை இறகு மென்மையானது. தண்ணீருக்குள் அசைந்தாடும் ஃப்ளைகளுக்கு ஏற்றது. தொடையருகே இருக்கும் பஞ்சு போன்ற இறகு, விலை உயர்ந்த மராபூ இறகுக்கு நல்ல மாற்று. வூலி பக்கர் என்ற ஃப்ளையின் வாலுக்கு அதையே வையுங்கள். வாலின் நீளம் முள்தண்டின் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும், முள் மாட்டாது.

தண்ணீர் மேல் மிதக்கும் ஃப்ளைக்கு விறைப்பான இழை வேண்டும். அது முற்றிய நாட்டுச் சேவலின் கழுத்தில்தான் இருக்கிறது. வெளிநாட்டுக் கடைகளில் ‘இந்தியன் கேப்’ என்று மலிவு விலையில் விற்கும் கழுத்துத்தோல் இந்தச் சேவலுடையதுதான். வளர்ப்புப் பண்ணைகளில் இதற்கென்றே உருவாக்கிய சேவல்களின் இறகு இதைவிட நீளமானது, விலையும் பல மடங்கு. நாட்டுச் சேவல் இறகு குட்டை என்பதால் ஒன்றுக்குப் பதில் இரண்டு சேர்த்துச் சுற்றுங்கள். இறகை வளைத்துப் பிடித்து இழையின் நீளத்தைப் பாருங்கள்: முள்முனைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் அந்த முள்ளுக்குச் சரி.

சுத்தம் செய்யாமல் வீட்டுக்குள் வைக்காதீர்கள். நோயில் செத்த கோழியின் இறகைத் தொடவே வேண்டாம். மற்றதை ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காகிதத்தின் மேல் பரப்பிக் காயவிடுங்கள். கொதிக்க வைத்தால் இழை சுருண்டுவிடும். முழுக்கக் காய்ந்ததும் ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் மூன்று நாள், வெளியே ஒரு நாள், திரும்ப ஃப்ரீசரில் மூன்று நாள். பூச்சி முதல் குளிரில் செத்தாலும் தப்பிய முட்டை வெளியே வைத்த நாளில் பொரிக்கலாம், இரண்டாம் குளிர் அதற்கு. ஒரு கவரில் பூச்சி விழுந்தால் எல்லாச் சாமானும் பொடியாகும்.

வெள்ளை இறகுக்குச் சாயம் ஏற்றச் சமையல் கலர் போதும். எண்ணெய்ப் பசை போகக் கழுவிய இறகை, ஒரு லிட்டர் சுடுநீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகரும் கலரும் கலந்து ஊற வையுங்கள். வினிகர் இல்லாவிட்டால் முதல் அலசலிலேயே நிறம் ஓடிவிடும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறும் என்பதால் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றுங்கள்.

தரையில் உதிர்ந்து கிடக்கும் மயிலிறகை எடுத்துப் பயன்படுத்தலாமா?
– வாசகர், விராலிமலை

தானாக உதிர்ந்த தோகையை உங்கள் வேலைக்குப் பயன்படுத்தலாம். மயிலைப் பிடிப்பதோ கொல்வதோ 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஃப்ளையிலோ தனியாகவோ மயிலிறகை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. தோகையின் பச்சைப் பளபளப்பு இழைகள் வண்டு உடலுக்கு அருமையானவை, ஆனால் மீன் பல் பட்டால் அறும். நான்கைந்து இழைகளைக் கம்பியோடு சேர்த்து முறுக்கிக் கயிறாக்கிச் சுற்றினால் தாங்கும். சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகைப் பழைய ஆங்கிலேய சால்மன் ஃப்ளைகளுக்குத் தேடித்தேடி வாங்கினார்கள். அதை நாம் தொட வேண்டாம்.

இங்கே 60 டாலருக்குப் பெட்டி கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, டொராண்டோ

வைஸை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள். 10ஆம் எண் முள்ளை மாட்டி, காதை விரலால் அழுத்தும்போது முள் நழுவினால் பெட்டியில் வேறு என்ன இருந்தாலும் வேண்டாம். பெட்டிகளில் வரும் சாயமேற்றிய இறகுப் பொட்டலங்களில் பாதி ஒருபோதும் பயன்படாது. தனியாக ஒரு மலிவான வைஸ், முள், கறுப்பும் பழுப்புமான நூல், வூலி பக்கருக்கான சாமான் – இவ்வளவும் அந்தப் பணத்துக்குள் அடங்கும். உங்கள் பக்கத்து ஏரிகளின் ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்கு 6, 8 எண்ணில் கறுப்பு வூலி பக்கர் ஒன்றே நெடுநாள் போதும். ஒன்டாரியோ மீன்பிடி உரிமம் முதலில்.

கடலில் பாறை மீன், கொடுவாய் மீனுக்குக் கட்ட ஆசை. மான் வால்முடி எங்கே கிடைக்கும்?
– வாசகர், தூத்துக்குடி

மான்முடியை மறந்துவிடுங்கள், இங்கே அது சட்டவிரோதம். வெள்ளாட்டு வால்முடி நன்றாகவே இருக்கும். கறிக்கடையில் சொல்லி வைத்து வாங்கி, சோப்புத்தூளில் அலசிக் காயவையுங்கள். கட்ட வேண்டியது கிளவுசர் மின்னோ என்ற ஃப்ளை, அமெரிக்காவின் பாப் கிளவுசர் ஸ்மால்மவுத் பாஸுக்காக உருவாக்கியது. கடலிலும் அதே வேலையைச் செய்கிறது. அதன் கண்ணுக்கு ஈயக் குண்டு வாங்க வேண்டாம். அடையாள அட்டை மாட்டும் பந்துச் சங்கிலியில் இரண்டு மணிகளை ஜோடியாகவே வெட்டினால் கண் தயார். காந்தம் ஒட்டும் சங்கிலி இரும்பு, ஒரே வாரத்தில் துருவேறும், ஒட்டாததை எடுங்கள்.

கண்களைத் தண்டின் மேல்பக்கம், காதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு பின்னால், 8 போலக் குறுக்கே மாற்றி மாற்றிச் சுற்றிக் கட்டுங்கள். அந்த எடையால் தண்ணீரில் முள் தலைகீழாகத் திரும்பி, முனை மேல்நோக்கி நிற்கும். அடியில் பாறையில் சிக்குவது குறையும். கண்ணைக் காதை ஒட்டி வைத்துவிட்டால் முடி கட்டவே இடம் இருக்காது. முடியைத் தீக்குச்சித் தடிமனுக்கு மேல் எடுக்காதீர்கள். அடர்த்தியாகக் கட்டினால் மூழ்காது, அசையாது. முள் உப்புநீருக்கென்று பூச்சு ஏற்றியதாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே டப்பாவில் போடுங்கள். ஈரமான ஒரே ஒரு ஃப்ளை டப்பா முழுவதையும் துருவாக்கிவிடும்.

கட்டியது சரியா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், தேனி

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி உள்ளே விடுங்கள். எடை வைத்த ஃப்ளை தயங்காமல் மூழ்க வேண்டும், பக்கவாட்டில் சாயக் கூடாது. ஒரு நிமிடம் ஊறிய பிறகு எடுத்து, உடலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் திருகுங்கள். தண்டின் மேல் சுழன்றால் அடிச்சுற்று நெருக்கமாக இல்லை என்று பொருள். காதில் நரம்பு கோத்துப் பாருங்கள். இவற்றில் தவறியதைத் தூக்கி எறியாதீர்கள். பிளேடால் தண்டின் மேல்பக்கம் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் எல்லாம் உரிந்து வந்துவிடும். முள் புதிதாகவே இருக்கும், அதை மறுபடி வைஸில் மாட்டுங்கள்.